காலியா விட்ட கட்டம்

என் பொண்டாட்டி என்ன வேலை பாக்குறான்னு கேட்டா, நான் ஆளுக்கொரு பதில் சொல்லிப் பழகிட்டேன். கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னா, "எங்க வீட்டு போன் சார்ஜ் ஏற மாட்டேங்குது, ஒரு தடவை பாக்கச் சொல்லுங்களேன்"னு வாசல்ல வந்து நிப்பாங்க. கணக்கெடுப்பு ஆபீஸ்னு சொன்னா, வீடு வீடாப் போய் கதவைத் தட்டுறவன்னு நினைச்சுக்குவாங்க. ரெண்டும் இல்ல. ஒரு மெஷின்ல இருக்கிற புள்ளிவிவரத்தை இன்னொரு மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் கொடுக்கணும். அவ்வளவுதான் அவ வேலை. கேக்க அரை நிமிஷம், செய்ய ஆயுசு பூரா.

சுகாதாரத் துறையில புள்ளிவிவரப் பிரிவு, மூணாவது மாடி, லிஃப்ட் சத்தம் கேக்குற ரூம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அதுக்குன்னு ஒரு புரோகிராம் வெச்சிருக்கும். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு, ஒண்ணு எழுதினவனே எங்க இருக்கான்னு தெரியாது. எல்லா ஃபைலும் அவ மேஜைக்கு வரும். அந்தப் பழசுகளைத் திறக்கிறதுக்குன்னே ரெண்டு கிழட்டுக் கம்ப்யூட்டரை உயிரோட வெச்சிருக்கா. ஃபேனை அதுங்க பக்கம் திருப்பி வெச்சுட்டு, இவ முந்தானையால வீசிக்குவா. "தயவுசெய்து இதை அணைக்க வேண்டாம்"னு பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கா. ரூமைக் கூட்டுறவங்க ஒரு தடவை அணைச்சுட்டாங்க, அது மறுபடி எழுந்திரிக்க நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் வீட்டுல எனக்கு சாப்பாட்டுல உப்பு இல்ல.

நான் பஸ் டிரைவர். உடம்பு படுத்தினதால முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இருந்தாலும் டிரைவர்தான். நானும் ஆளுங்களை ஒரு இடத்துல ஏத்தி இன்னொரு இடத்துல இறக்கினவன். "என் பஸ்ல ஏறினவன் எப்படி ஏறினானோ அப்படியே இறங்கினான், உன் வண்டியிலதான் ஆள் மாறிப் போறான்"னு அவளைச் சீண்டுவேன். நிஜம்தான். ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை பேருக்கும் நாலு வயசு கூடிப் போச்சு. நாளை எண்ண ஆரம்பிக்கிற வருஷம் அந்த மெஷினுக்கு ஒண்ணு, இந்த மெஷினுக்கு ஒண்ணாம். இன்னொரு தடவை ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ரெண்டுன்னு போட்டிருந்தது தலைகீழாகி, ஆம்பளைங்க எல்லாம் பிரசவ வார்டுல படுத்திருந்தாங்க. நான் சிரிச்சுச் சிரிச்சு இருமினேன். அவ சிரிக்கல. அவங்களை அங்கிருந்து எழுப்பி அவங்கவங்க இடத்துக்கு அனுப்பப் போயிட்டா.

அதனால அவளுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஃபைல் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போனதும், அதுல இருக்கிற நோயாளிங்கள்ல மேல இருந்து ஒருத்தர், நடுவுல ஒருத்தர், கடைசியில ஒருத்தர்னு மூணு பேரைப் பிடிப்பா. ரெண்டு திரையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அவங்க வயசு, எடை, எப்ப வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு ஒவ்வொரு கட்டமா வாய்விட்டுப் படிப்பா. எல்லாம் ஒத்து வந்தாத்தான், "வந்து சேர்ந்துட்டாங்க"ன்னு சொல்லி மூச்சு விடுவா. அப்புறம் ஃபைலோட ஒரு குறிப்பு எழுதி வைப்பா. இந்த மெஷின்ல இது இப்படி, அந்த மெஷின்ல அது அப்படி, பாத்து நடந்துக்கோங்கன்னு. அந்தக் குறிப்பைப் பாதிப் பேர் படிக்கிறதே இல்லன்னு அவளே சொல்லுவா. இருந்தும் எழுதுவா.

எனக்கு கிட்னி ரெண்டும் கைவிட்டதுக்கப்புறம் எங்க பொழைப்பு வேற மாதிரி ஆயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ரத்தத்தை மெஷின்ல விட்டு சுத்தம் பண்ணி எடுக்கணும். நல்ல வேளை, எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில அதுக்கு ஒரு யூனிட் இருந்துச்சு. ஆறு நாற்காலி, ஆறு மெஷின், ஒரு ஜன்னல். அவ மத்தியானம் வரைக்கும் ஆபீஸ்ல இருந்துட்டு, அரை நாள் லீவு போட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போவா. என் நாற்காலி பக்கத்துல ஒரு ஸ்டூல். அதுல உக்காந்து மடியில கம்ப்யூட்டரை வெச்சு மீதி வேலையைப் பாப்பா. கொஞ்ச நேரத்துல தலை ஆடும், வாய் லேசாத் திறந்துக்கும். "ஏம்மா, நோயாளி நானா நீயா?"ன்னு கேப்பேன். "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் தூங்கணும்ல"ன்னு சொல்லிட்டு மறுபடி கண்ணை மூடிக்குவா. அந்த ஊசி குத்தின கையோட நான் அவளைப் பாத்துக்கிட்டே கிடப்பேன். களைச்சுப் போயிட்டா. நல்லாவே களைச்சுப் போயிட்டா.

இந்த நேரம் பாத்துத்தான் அந்தச் செய்தி வந்துச்சு. எங்களோடது மாதிரியே ஊரோட மறு கோடியில இன்னொரு சின்ன யூனிட் இருக்கு. ரெண்டையும் வெச்சு நடத்த முடியாதாம், ஒண்ணை மூடிட்டு அங்க இருக்கிறவங்களை நடு ஊர்ல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திடப் போறாங்களாம். எதை மூடுறதுன்னு முடிவு பண்ண ஒரே ஒரு கேள்விதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுறவங்க எந்த யூனிட்ல ஜாஸ்தியோ, அது மூடாம நிக்கும். மத்தது போகும். நோயாளியைச் சேத்துக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு விதி இருக்காம். ரெண்டு யூனிட் ஃபைலும் வழக்கம் போல என் பொண்டாட்டி மேஜைக்குத்தான் வந்துச்சு. அவ மாத்தி அனுப்பினா. அதை எண்ணிப் பாத்து முடிவு சொல்றது வேற ஆளுங்க வேலை.

ரெண்டு வாரத்துல முடிவு வந்துச்சு. எங்க யூனிட் நிக்குது.

அன்னைக்கு அந்த ரூம்ல எல்லாரும் கல்யாண வீடு மாதிரி பேசிக்கிட்டாங்க. சிஸ்டர் எல்லாருக்கும் டீ கொடுத்தாங்க, நோயாளிங்களுக்கு மட்டும் அரை டம்ளர், அதுக்கு மேல தண்ணி கூடாது. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. என் காலை வெச்சுக்கிட்டு பஸ் ஏறி இறங்கணுமேன்னு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன், யார்கிட்டயும் காட்டிக்கல. இவ மட்டும் டீயைக் கையில வெச்சுக்கிட்டு எங்கயோ பாத்துட்டு இருந்தா.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் சொன்னா. "என்னங்க, அந்தக் கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"நம்ம யூனிட் நிக்கிறதா வந்த கணக்கு. நேரம் எவ்வளவுன்னு கேட்ட கட்டம் நம்ம யூனிட்ல பாதிப் பேருக்குக் காலியா இருந்துச்சு. யாரும் கேக்கவே இல்ல போல. காலிக் கட்டத்தைப் பழைய புரோகிராம் எல்லா எண்ணையும் விடச் சின்னதா எடுத்துக்கும். இப்ப எண்ணிப் பாக்குற புதுசு, எல்லா எண்ணையும் விடப் பெரிசா எடுத்துக்கும். எண்ணினவங்க ஒரு மணி நேரத்துக்கு மேல எத்தனை பேருன்னு கேட்டிருக்காங்க. பதிலே சொல்லாதவங்க எல்லாரும் அதுல போய் உக்காந்துட்டாங்க."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. "அப்ப அந்த இன்னொரு யூனிட்ல?"

"அங்க ஒரு கட்டம் கூட காலி இல்ல. அங்க இருக்கிற சிஸ்டர் ஒவ்வொருத்தரையா கேட்டு எழுதியிருக்காங்க."

"உன் குறிப்பு என்னாச்சு? எல்லா ஃபைலுக்கும் எழுதுவியே."

அவ செருப்பை ஓரமா நகத்தி வெச்சா. அப்புறம் சொன்னா. "அந்த வாரம் எழுதல. நீங்க ஜுரம் வந்து கிடந்தீங்கல்ல, அந்த வாரம். அனுப்பிட்டு ஓடி வந்துட்டேன்."

நான் மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். தானா வந்து மடியில விழுந்ததை எதுக்குத் தள்ளி விடணும், யாருக்குத் தெரியப் போகுது, நீ என்ன திருடினியா, மெஷின் செஞ்ச கூத்துக்கு நீ என்ன பண்ணுவன்னு கேட்டேன். அவ எல்லாத்துக்கும் "ம்" போட்டா. அந்த "ம்" எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த "ம்"முக்கு அர்த்தம் "முடியாது". அப்புறம் நான் கத்தினேன். "நான் செத்தாலும் பரவாயில்ல, உன் கட்டம் சரியா இருக்கணும், அப்படித்தானே?"

அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா குரல் மாறல. "அந்தப் பக்கமும் யாரோ ஒருத்தி இப்படித்தான் கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றா. அங்க இருக்கிறவங்க கேட்ட கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொன்னாங்க. அதுக்காக அவங்க யூனிட்டை மூடணுமா?"

அதோட அவகிட்டப் பேசுறதை நிறுத்திட்டேன். வீட்டுல ரெண்டே பேர், பொண்ணு கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா. பேசலன்னா எப்படி? மாத்திரை எங்கன்னு அலமாரியைக் கேப்பேன், அலமாரி எடுத்துக் கொடுக்கிற மாதிரி அவ எடுத்துக் கொடுப்பா. அவ நியாயம்தான் பேசுறான்னு தெரிஞ்சதால எனக்குக் கோபம் இன்னும் ஏறுச்சு.

மறுநாள் அவ அவங்க ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லிட்டா. நல்ல மனுஷன் அவரு. பின்னாடி எனக்கே போன் பண்ணிச் சொன்னாரு. "உங்க வீட்டுக்காரரும் அந்த யூனிட்லதானேம்மா"ன்னு கேட்டாராம். "ஆமா சார்." "தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" "தெரிஞ்சுதான் சார்." அதுக்கு அவர், "நாளைக்கு மேல இருக்கிறவங்க முன்னாடி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கப் போறது நான்தான்"னு சொன்னாராம். ஆனா ஒரு வழியும் அவரே சொன்னாரு. காலிக் கட்டம்னா அது சின்னதும் இல்ல, பெரிசும் இல்ல, கேக்கலன்னு அர்த்தம், அதனால இப்பப் போய்க் கேளுங்க. கேக்கிறது அந்த யூனிட் சிஸ்டர். கம்ப்யூட்டர்ல ஏத்துறது வேற ஆள். "நீங்க நோயாளியோட மனைவி, இதுல கை வைக்காதீங்க, வாயும் திறக்காதீங்க." சரின்னுட்டு வந்துட்டா.

விஷயம் யூனிட்ல பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து நாற்காலிக்காரரு முன்ன தையல் கடை வெச்சிருந்தவரு. "யார் கேட்டாலும் ரெண்டு மணி நேரம்னு சொல்லிடுங்க"ன்னு கிசுகிசுத்தாரு. நானும் அதைத்தான் மனசுல வெச்சிருந்தேன்.

சிஸ்டர் பேனாவை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. ரத்தம் குழாயில ஓடிக்கிட்டு இருக்கு. இவ ஸ்டூல்ல இருக்கா. "ஐயா, இங்க சேரும்போது உங்களைக் கேக்காம விட்டுட்டோம். உங்க வீட்டுல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அம்பது நிமிஷம்"னு என் வாய் சொல்லிடுச்சு.

ரெண்டு மணி நேரம் எங்க போச்சுன்னு கேக்காதீங்க. அது என் ரூட். பதினோரு வருஷம் ஓட்டின ரூட். எங்க முக்கு ஸ்டாப்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அம்பது நிமிஷம், மழை பெஞ்சாலும் அம்பது நிமிஷம். அதை ரெண்டு மணி நேரம்னு சொன்னா நான் வண்டி ஓட்டத் தெரியாதவன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. பக்கத்து நாற்காலிக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு. சிஸ்டர் எழுதப் போனாங்க.

இவ என்ன பண்றான்னு திரும்பிப் பாத்தேன். தூங்கிட்டா. என்னைப் பத்தின ஒரே கேள்வியை இவ பக்கத்துலயே கேக்குறாங்க, இவ சுவத்துல தலையைச் சாச்சுத் தூங்குறா. ஒரு கால் செருப்புல இருந்து நழுவிக் கிடக்கு. குதிகால்ல வெடிப்பு. காலு வீங்கியிருக்கு. இவளுக்கு எப்ப இருந்து கால் வீங்குதுன்னு எனக்குத் தெரியல. தண்ணி அளவு, உப்பு அளவு, எடைன்னு என் உடம்பைப் பத்தி எல்லாம் இவளுக்குத் தெரியும். இவ காலைப் பத்தி என்னை யாராவது கேட்டா நானும் கட்டத்தைக் காலியாத்தான் விடணும்.

"இருங்க சிஸ்டர்"னு சொன்னேன். "அம்பது நிமிஷம் பஸ்ஸுக்கு. எனக்கு எவ்வளவுன்னு நீங்க கேட்டீங்கல்ல? வீட்டுல இருந்து முக்கு ஸ்டாப்புக்கு நான் தனியா நடக்க முடியாது, இவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். நடுவுல ரெண்டு தடவை உக்காரணும். உக்கார இடம் இருக்கிற பஸ் வர்ற வரைக்கும் நிக்கணும். அங்க இறங்கி வாசல்ல இருந்து உள்ள நடக்கணும். ஒண்ணரை மணி நேரம் ஆகும். கூட்டிச் சொல்லல. இதான் நிஜம்."

இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு கூசுச்சு. நான் தனியா நடக்க முடியாதவன்னு அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சிஸ்டர் ஒண்ணரைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. இவ அதுக்கப்புறம்தான் கண்ணைத் திறந்தா. "கேட்டாங்களா?"ன்னு கேட்டா. நான் பேசாம இருக்கிறவன், தலையை மட்டும் ஆட்டினேன்.

எல்லாரையும் கேட்டு முடிச்சாங்க. கதை கதையா வந்துச்சு. கட்டம் காலியா இருந்தவங்கள்ல பாதிப் பேர் வீடு பெரிய ஆஸ்பத்திரி பக்கம்தானாம். அங்க கூட்டம், இங்க காத்திருக்க வேண்டாம்னுதான் இவ்வளவு தூரம் வந்துக்கிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு மணி நேரம்னு கிசுகிசுத்த தையல்காரரு வீடே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல. அவரு கூட, சிஸ்டர் முகத்தைப் பாத்ததும், "நடந்தே போயிடலாம்மா"ன்னு உண்மையைச் சொல்லிட்டாரு. வேற ஒருத்தர் எல்லாத்தையும் ஏத்தி, புதுசா எண்ணிப் பாத்தாங்க. ஊர் மறு கோடி யூனிட் ஜெயிச்சுது. எங்களோடதை மூடிட்டாங்க.

கடைசி நாள் மெஷின் எல்லாத்துக்கும் உறை போட்டாங்க. சிஸ்டர் அழுதாங்க. என் பொண்டாட்டி ஸ்டூலை எடுத்துச் சுவத்தோரமா வெச்சுட்டு, என் பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்தா. யாரும் அவளை ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக் கூடத் தேவலை. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க, அதைப் பாக்க எனக்கு ஆத்திரமா வந்துச்சு. என் பொண்டாட்டி மேல கோபப்பட நான் ஒருத்தன் இருக்கேன், அது போதும்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு முக்கு ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். ஒரு மதில் மேல உக்காந்தோம், ஒரு கடை வாசல்ல உக்காந்தோம். ரெண்டு பஸ் நிரம்பி வந்துச்சு, விட்டுட்டோம். மூணாவது பஸ்ல அவ முதல்ல ஏறினப்ப, "படியைப் பாத்து ஏறு"ன்னு சொன்னேன். மூணு வாரத்துக்கப்புறம் அவகிட்ட நான் பேசின முதல் வார்த்தை அதுதான். அவ திரும்பிப் பாத்து, என் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டா.

உக்காந்த மறு நிமிஷம் தூங்கிட்டா. தலை என் தோள்ல. டிரைவர் சின்னப் பையன், ஒவ்வொரு ஸ்டாப்லயும் பிரேக்கை மிதிச்சு உலுக்குறான். எந்திரிச்சுப் போய் ஸ்டியரிங்கைப் பிடுங்கலாமான்னு இருந்துச்சு. வலிக்கிற கையை நீட்டி முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அவ தலை ஆடாம தோளை இறுக்கி வெச்சுக்கிட்டேன். பஸ் அம்பது நிமிஷத்துல போச்சு. வீட்டுக் கதவைப் பூட்டினதுல இருந்து பெரிய ஆஸ்பத்திரி கவுண்டர் வரைக்கும் வாட்ச்சைப் பாத்தேன். ஒண்ணரை மணி நேரத்துக்கு மேலயே ஆகியிருந்துச்சு.

கவுண்டர்ல ஒரு அம்மா என் வயசு, எடை, ரத்த வகை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டினாங்க. திரை எனக்குத் தெரியுற மாதிரி திரும்பியிருந்துச்சு. கடைசியில ஒரு கட்டம் வந்துச்சு, பயண நேரம்னு. அந்தம்மா அதைத் தொடாம அடுத்ததுக்குப் போனாங்க.

"அதையும் கேளுங்கம்மா"ன்னேன்.

"அது தேவையில்ல ஐயா, காலியா விட்டாலும் ஏத்துக்கும்."

"ஏத்துக்கும். அதான் வம்பே. ஒண்ணரை மணி நேரம்னு போடுங்க."

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, மறுபடி அந்தக் கட்டத்துக்குப் போய்த் தட்டினாங்க. "இதுக்கு ஏன் ஐயா இவ்வளவு கோபம்?"

என் பொண்டாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா, ஒரு காலை மாத்தி மறு கால்ல நின்னுக்கிட்டு.

"காலியா விட்டா, பின்னாடி இவதான் அலையணும்"னு சொன்னேன்.